பாரிசவாத நோயாளியின் காலில் இரத்தம் ஏன் உறைகிறது?

பாரிசவாதத்தைத் தலையில் வந்த வருத்தமாகவே எல்லோரும் பார்க்கிறோம். பார்க்க வருகிறவர்கள் வாய் கோணியிருக்கிறதா, பேச்சு வந்துவிட்டதா, ஆட்களை மட்டுக்கட்டுகிறாரா என்று விசாரிக்கிறார்கள். போர்வைக்குள் கிடக்கும் காலை யாரும் விலக்கிப் பார்ப்பதில்லை. வாட்டில் இருக்கும் வைத்தியருக்கோ முதல் சில வாரங்களுக்கு அந்தக் காலும் ஒரு கவலை. அசையாத காலின் ஆழத்தில் ஓடும் நாளத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அந்தக் கட்டியில் ஒரு துண்டு கழன்று, மேலேறி, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய் அங்கே அடைத்துக்கொள்ளலாம். பேச்சு திரும்பி, கஞ்சியும் குடிக்கத் தொடங்கிய ஒருவர் திடீரென்று மூச்சுத்திணறி இறந்துபோனார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எல்லா மரணங்களும் இதனால் அல்ல. ஆனால் இது அதற்கான முக்கியமான காரணங்களில் ஒன்று, பெருமளவுக்குத் தடுக்கக்கூடியதும்கூட.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பெரும்பாலான பாரிசவாதங்களுக்கும் இரத்தக்கட்டிதான் காரணம். அப்படியானால் மூளைக்குப் போன கட்டியும் காலில் வரும் கட்டியும் ஒன்றா? இல்லை. மூளையை அடைத்த கட்டி நாடியில் இருக்கிறது. நாடி என்பது இதயத்திலிருந்து இரத்தத்தை வேகமாக வெளியே கொண்டுபோகும் குழாய். காலில் நாம் பேசும் கட்டி நாளத்தில் உருவாவது. நாளம் இரத்தத்தை மெதுவாக இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். நாடியில் உருவாகும் கட்டியில் குருதிச் சிறுதட்டுகளின் பங்கு அதிகம். நாளத்தில் உருவாகும் கட்டி பெரும்பாலும் பைபிரின் என்ற நார்ப்பொருளும் அதில் சிக்கிய செங்குருதிக் கலங்களும் சேர்ந்தது. "அப்பாதான் அஸ்பிரின் குடிக்கிறாரே, பிறகு எப்படிக் கட்டிபடும்?" என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. அஸ்பிரின் முக்கியமாகச் சிறுதட்டுகளைத்தான் அடக்குகிறது. கால் நாளத்துக்கு அதனால் கிடைக்கும் பாதுகாப்பு சிறியது. இரத்தம் மெலிய ஒரு மருந்து கொடுத்தாகிவிட்டது, இனி எந்தக் கட்டியும் வராது என்று நினைத்துக்கொள்வதில்தான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன.

காலில் தோன்றிய கட்டி நுரையீரலுக்குப் பயணம் செய்கிறது என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விளக்கியவர் ஜேர்மன் வைத்தியர் ருடோல்ஃப் வேர்ச்சோ. நாளத்துக்குள் இரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்கள் உண்டு என்று இன்றும் அவருடைய பெயரில்தான் வைத்திய மாணவர்கள் படிக்கிறார்கள்: இரத்த ஓட்டம் மந்தமாவது, நாளத்தின் உட்சுவர் சேதமடைவது, இரத்தமே உறையும் தன்மை கூடியதாக மாறுவது. மூன்றில் ஒன்று இருந்தாலே ஆபத்துக் கூடும். பாரிசவாதம் வந்து படுத்திருப்பவரிடம் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே இருக்கின்றன. ஆபத்துக் காரணிகள் என்று வைத்தியர்கள் சொல்லும் நீண்ட பட்டியலில் உள்ள எதை எடுத்தாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும். பட்டியலை மனனம் செய்யத் தேவையில்லை.

கெண்டைக்கால் செய்யும் வேலை

பாதத்தில் இருக்கும் இரத்தம் இதயத்துக்கு ஏற வேண்டும். அதை மேலே தள்ளுவதில் பெரும்பங்கு கெண்டைக்கால் தசைக்கு உண்டு. நாம் ஓரடி வைக்கும்போது அந்தத் தசை இறுகி, நடுவில் உள்ள ஆழ்நாளங்களைப் பிழிகிறது. நாளத்துக்குள் இருக்கும் வால்வுகள் ஏறிய இரத்தம் திரும்பி இறங்காமல் பார்த்துக்கொள்கின்றன. கால் செயலிழந்தால் பிழிதல் நின்றுவிடும். முகத்துவாரத்தில் மணல்மேடு மூடியிருக்கும் மாதங்களில் மட்டக்களப்பு வாவி எப்படித் தேங்கிக் கிடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதிலும் வால்வுகளுக்குப் பின்னால் உள்ள சிறு மூலைகளில்தான் தேக்கம் அதிகம். பல கட்டிகள் தொடங்குவது அங்கேதான்.

ஆகவே எல்லாக் காரணிகளிலும் முதலிடம் காலின் பலவீனத்துக்கு. கை மட்டும் இழுத்து, எழுந்து கழிப்பறைக்கு நடக்கக்கூடியவருக்கு ஆபத்துக் குறைவு. காலைத் தூக்கவே முடியாதவருக்கு மிக அதிகம். தடுப்பு முறைகள் பரவலாகாத 1970களில் செய்த ஆய்வுகளில், கால் செயலிழந்த நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரின் காலில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவை வெளியே எந்த அறிகுறியும் காட்டாத சிறிய கட்டிகள். கட்டி இரண்டாம் நாளிலேயே தொடங்கலாம். முதல் வாரமே அதன் முக்கிய காலம். நுரையீரலை அடைக்கும் ஆபத்து அதற்குப் பிறகும் சில வாரங்கள் தொடர்கிறது.

வெல்லாவெளிப் பக்கம் தனியே இருக்கும் 68 வயது விவசாயி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரவில் கழிப்பறைக்குப் போக எழுந்தவர் விழுந்துவிட்டார். வலப்பக்கம் இழுத்துவிட்டது, கூப்பிட வாய் வரவில்லை. விடிந்த பிறகு மகள் வந்து பார்க்கும்வரை சிமெந்துத் தரையில் கிடந்தார். பக்கத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு மாற்றி, கட்டிலில் சேர்க்கும்போது நடுப்பகல். அவர் வாட்டுக்கு வரும்போதே ஆபத்தையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறார். பல மணி நேரம் அசையாமல் கிடந்திருக்கிறார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. விழுந்ததில் காலும் அடிபட்டிருக்கலாம். தேக்கம், தடித்த இரத்தம், சேதம் என்று வேர்ச்சோவின் மூன்றும் ஒரே ஆளிடம்.

தண்ணீர்

என்னைக் கேட்டால், நம் பக்கத்தில் மிகக் குறைவாகப் பேசப்படும் காரணி இதுதான். உடலில் நீர் குறைந்தால் இரத்தம் தடிக்கிறது, ஓட்டம் மந்தமாகிறது. நீரிழப்பு உள்ள பாரிசவாத நோயாளிகளிடம் கால் நாளக் கட்டி கூடுதலாகக் காணப்படுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கச்சான் காற்று அனல் வீசும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நல்ல சுகத்தோடு இருப்பவருக்கே நாக்கு வறளும். விழுங்க முடியாத, தாகத்தைச் சொல்ல முடியாத ஒருவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பாசத்தில் இளநீரைக் கரண்டியால் வாயில் ஊற்றுகிறார்கள் சிலர். விழுங்கும் தசை பலவீனமாக இருந்தால் அது சுவாசக் குழாய்க்குள் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அதனால்தான் விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்க்கும்வரை வாயால் எதுவும் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள். சேலைனோ மூக்குக் குழாயோ போடுவது அதற்காக. மறுபக்கத்தில், விழுங்கலாம் என்று வைத்தியர் அனுமதித்த பிறகும் தண்ணீரை வேண்டுமென்றே குறைக்கும் வழக்கம் இருக்கிறது. காரணம் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: அடிக்கடி சிறுநீர் போனால் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும், துணி மாற்ற வேண்டும், இரவில் துணைக்கு நிற்பவருக்கு உறக்கமில்லை. நோயாளியே மருமகளைச் சிரமப்படுத்தக் கூடாது என்று வாயை மூடிக்கொள்வதும் உண்டு. இது புரியாத விடயமல்ல. ஆனால் ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் போக வேண்டும் என்று வாட்டில் கேட்டு, அதைக் கொடுத்தே ஆக வேண்டும். இதய, சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கு அளவு வேறு என்பதால் அந்தக் கணக்கை வைத்தியரே சொல்லட்டும்.

இரத்தத்தின் தன்மையை மாற்றுபவை

இந்த வகையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வயது ஏற ஏற ஆபத்து ஏறும். புற்றுநோய் இருந்தால் இரத்தம் எளிதில் உறையும். நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ வந்தால் அந்த அழற்சியும் அதையே செய்யும். உடற்பருமன், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, கர்ப்பம், பிள்ளை பெற்ற பிறகான முதல் வாரங்கள் ஆகியவையும் இதில் சேரும். தொடையிடுக்கில் உள்ள பெரிய நாளத்துக்குள் குழாய் போட்டிருந்தால் உட்சுவர் சேதம் என்ற கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும். பாரிசவாதம் எவ்வளவு கடுமையோ ஆபத்தும் அவ்வளவு.

ஒன்றை மட்டும் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும். முன்பு ஒருமுறை காலிலோ நுரையீரலிலோ கட்டி வந்திருந்தால் மீண்டும் வரும் வாய்ப்பு மிக அதிகம். இது குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த செய்தியாக இருக்கக்கூடும். நோயாளியால் பேச முடியாது. கிளினிக் கொப்பியில் பிரஷரும் சீனியும்தான் எழுதியிருக்கும். பத்து வருடத்துக்கு முன் இடுப்பு எலும்பு உடைந்து சத்திரசிகிச்சை செய்தபோது கால் வீங்கி, சில மாதங்கள் மருந்து குடித்ததை மகள் சொன்னால்தான் உண்டு. நெருங்கிய இரத்த உறவில் யாருக்காவது இளவயதில் இப்படிக் கட்டி வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கேட்கவில்லை என்பதற்காகச் சொல்லாமல் இருக்க வேண்டாம்.

பலருக்கு நம்ப முடியாத ஒன்றும் உண்டு. மூளையில் நாடி அடைத்து வந்த பாரிசவாதத்தைவிட, நாடி வெடித்து இரத்தம் கசிந்து வந்த பாரிசவாதத்தில் கால் கட்டியின் ஆபத்து அதிகம். இரத்தம் ஒழுகுகிற ஒருவருக்கு இரத்தம் உறைவதா? காலுக்கும் மூளைக்கும் இடையில் அப்படி ஓர் உடன்படிக்கை கிடையாது. மூளையில் கசிவு வந்தவர் பெரும்பாலும் கூடிய செயலிழப்போடு, கூடிய நாட்கள் படுக்கையில் இருக்கிறார். கசிவு மேலும் பெருகிவிடும் என்ற அச்சத்தில் உறைதலைத் தடுக்கும் ஊசியை முதல் நாட்களில் கொடுக்கவும் முடியாது. ஸ்கேனில் கசிவு நின்றுவிட்டது என்று உறுதியான பிறகே, சில நாள் கழித்து, அதைப் பற்றி யோசிப்பார்கள். "பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போடுகிறார்கள், எங்கள் வாப்பாவுக்கு ஏன் போடவில்லை?" என்று சண்டைக்கு நிற்பதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கண்டுபிடிப்பது ஏன் கடினம்

சாதாரணமாகக் கால் நாளத்தில் கட்டி வந்தால் கெண்டைக்கால் வலிக்கும், வீங்கும், சூடாகும், சிவக்கும். நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. பாரிசவாத நோயாளிக்கோ அந்தக் காலில் உணர்ச்சியே குறைந்திருக்கலாம். உணர்ச்சி இருந்தாலும் சொல்லப் பேச்சு இல்லாமல் இருக்கலாம். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்குத் தங்கள் இடது கால் ஒன்று இருப்பதே மறந்துபோகும். வீக்கத்தைப் பார்த்தால், "தொங்கப்போட்டு இருந்ததால் நீர் இறங்கியிருக்கிறது" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சில வேளை அது உண்மையாகவும் இருக்கும்.

வைத்தியர்கள் கால் கட்டியைச் சந்தேகிக்கப் பயன்படுத்தும் வெல்ஸ் புள்ளிமுறை என்று ஒன்று உண்டு. அதில் கால் செயலிழப்புக்கு 1 புள்ளி, 3 நாள் அல்லது அதற்கு மேல் படுக்கையில் இருந்ததற்கு 1 புள்ளி. மொத்தம் 2 வந்தாலே கட்டி இருக்க வாய்ப்புள்ளவர் என்ற வகைக்குள் போய்விடுவார். அதாவது, நமது வெல்லாவெளி விவசாயி காலில் எந்த மாற்றமும் இல்லாமலேயே நான்காம் நாள் அந்த வகைக்குள் நிற்கிறார்! டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனையும் பாரிசவாதத்துக்குப் பிறகு எப்படியும் உயர்ந்தே இருக்கும் என்பதால் அதை வைத்து மட்டும் கட்டி உண்டென்று சொல்ல முடியாது. நம்பக்கூடியது அல்ட்ராசவுண்ட். கருவியைத் தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் வைத்து மெல்ல அழுத்துவார்கள். நல்ல நாளம் திரையில் நசுங்கித் தட்டையாகும். உள்ளே கட்டி இருந்தால் நசுங்காமல் வட்டமாகவே நிற்கும்.

வீட்டார் செய்யக்கூடிய ஒன்றும் அதே புள்ளிமுறையில் இருக்கிறது. தையல்காரரின் அளவுநாடா போதும். முழங்காலுக்குக் கீழே, முன்புறம் கையில் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீற்றர் கீழே இறங்கி, இரண்டு கெண்டைக்காலின் சுற்றளவையும் எடுத்து எழுதி வையுங்கள். ஒரு கால் மற்றதைவிட 3 சென்டிமீற்றருக்கு மேல் பருத்திருந்தால், அல்லது நேற்றைவிட இன்று கண்ணுக்குத் தெரியக் கூடியிருந்தால், அன்றே தாதியரிடம் காட்டுங்கள். வித்தியாசம் இல்லை என்பதால் கட்டி இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

எண்ணெய்ப் போத்தல்

இரண்டாம், மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் யாராவது ஒரு பெரியவர் கைப்பையிலிருந்து வாத எண்ணெய்ப் போத்தலை எடுப்பார். கெண்டைக்காலைப் பிடித்து, கீழிருந்து மேலாக அழுத்தி உருவத் தொடங்குவார். நாட்டு வைத்தியத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. நம் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு அது ஆறுதல் தந்திருக்கிறது. ஆனால் கட்டி இருக்கக்கூடிய காலை இந்த நாட்களில் அழுத்தி உருவினால், அது கழன்று நுரையீரலுக்குப் போகலாம். அப்படி நடந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வீக்கம் உள்ள காலில் எண்ணெய் பூசி உருவ வேண்டாம், சுடுதண்ணீர் ஒத்தடமும் வேண்டாம். பிசியோதெரபி செய்பவர் கணுக்காலையும் முழங்காலையும் மெல்ல மடக்கி நீட்டுவது இதிலிருந்து வேறு. அவரிடம் பழகிக்கொண்டு, அவர் சொன்ன அளவில் செய்யலாம். மாமா மனம் நோகுமே என்று தயங்கினால், "டொக்டர் இப்போதைக்குக் காலைத் தொட வேண்டாம் என்றிருக்கிறார்" என்று பழியை வைத்தியர் மேல் போட்டுவிடுங்கள். அவர்களுக்கு அது பழகிப்போனது.

மருந்துக்கடையில் விற்கும் இறுக்கமான நீள் காலுறையும் அப்படித்தான். நல்லெண்ணத்தில் வாங்கி வருகிறார்கள். 2009இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் 2,518 பாரிசவாத நோயாளிகளைப் பார்த்தார்கள். தொடைவரை காலுறை அணிந்தவர்களில் 10.0 சதவீதத்தினருக்கும் அணியாதவர்களில் 10.5 சதவீதத்தினருக்கும் காலின் மேற்பகுதி நாளத்தில் கட்டி வந்தது. பயன் இல்லை என்றே பொருள். தோல் புண்ணானவர்களோ 5 சதவீதம், அணியாதவர்களில் 1 சதவீதம். சீனி வருத்தத்தால் காலின் இரத்த ஓட்டமும் உணர்ச்சியும் குறைந்தவருக்கு இந்தப் புண் இன்னும் ஆபத்தானது. அந்தக் காசுக்கு வேறு ஏதாவது வாங்கலாம்.

பயன் தந்தது காலைச் சுற்றி உறைபோல் கட்டி, காற்றடித்து இறுக்கி விடும் இயந்திரம். 2013இல் வெளியான ஆய்வில் அதைப் பயன்படுத்தியவர்களில் 8.5 சதவீதம், பயன்படுத்தாதவர்களில் 12.1 சதவீதம் என்று கட்டி குறைந்தது. நின்றுபோன கெண்டைக்காலின் வேலையை அது செய்கிறது. எல்லா வாட்டிலும் அது இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மற்றது வயிற்றுத் தோலுக்குக் கீழே போடும் ஹெப்பாரின் வகை ஊசி. ஊசி போட்ட இடத்தில் நீலம் பாரிப்பது வழக்கம். ஆனால் மூளையில் கசிவு வரும் ஆபத்தையும் அது சற்றுக் கூட்டுவதால், யாருக்கு நன்மை கூடுதல் என்று வைத்தியர் ஆளாளாகத் தீர்மானிக்கிறார். இந்த மருந்து பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. உயிர்காக்கும் தேவை இருக்கும்போது இது ஆகுமானது என்று மார்க்க அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். செயற்கையாகத் தயாரிக்கும் மாற்று மருந்தும் உலகில் உண்டு. மனதில் வைத்துக்கொண்டு ஊசியை மறுப்பதைவிட, வைத்தியரிடமும் மௌலவியிடமும் நேரே கேட்டுவிடலாம்.

எழுப்பி உட்கார வைப்பதும் நடக்க வைப்பதும் நல்லதுதான். அதற்கும் அவசரம் கூடாது. முதல் 24 மணி நேரத்துக்குள் நோயாளியை நீண்ட நேரம், கடுமையாக எழுப்பி நடமாட வைத்தபோது மூன்று மாதம் கழித்து அவர்களின் நிலை சற்று மோசமாகவே இருந்தது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. எப்போது, எவ்வளவு நேரம் என்பதை வாட்டில் கேட்டுச் செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

சில நாட்களில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆபத்து அந்தத் துண்டோடு முடிந்துவிடுவதில்லை. வாட்டில் கட்டிலைச் சுற்றித் தாதியர் இருந்தார்கள். வீட்டிலோ முன்னறையில் பாயோ மெத்தையோ போட்டுக் கிடத்திவிட்டு எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள். நுரையீரல் அடைப்பு அதிகம் வருவது இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம்வரை என்பதால், இந்த நாட்களில் காலைப் பார்ப்பது, தண்ணீர் கொடுப்பது, மூட்டுகளை அசைப்பது, கதிரையில் உட்கார வைப்பது எல்லாம் தொடர வேண்டும். வீட்டுக்குப் போகும் நாளில், தடுப்பு ஊசியோ மாத்திரையோ தொடர வேண்டுமா என்று கேளுங்கள்.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்து, படபடப்பு, தலைசுற்றி மயங்குதல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். சளிக்காய்ச்சல் என்று நினைத்து ஒரு நாள் பார்ப்போம் என்பதும் வேண்டாம். மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவில் இருத்திக் கொண்டுபோகாமல் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸில் வருகிறவரிடம் முதல் வாக்கியமாக, இத்தனை வாரத்துக்கு முன் பாரிசவாதம் வந்தது, இந்தக் கால் வீங்கியிருக்கிறது என்று சொல்லுங்கள். மூச்சுத்திணறலுக்கு நூறு காரணம் உண்டு. எதை முதலில் தேட வேண்டும் என்பதை அந்த ஒரு வாக்கியம் வைத்தியருக்குக் காட்டிக்கொடுக்கும்.